பளுதூக்கும் வீரர் டாமி கோனோ யார்? பின்னாளில் பயிற்சியாளராக என்ன செய்தார்?

1930இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். ஆஸ்துமாவால் மெலிந்து கிடந்த சிறுவன். இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய வம்சாவளியினர் என்பதாலேயே அவர் குடும்பத்தை அமெரிக்க அரசு டூலி லேக் என்ற தடுப்பு முகாமில் அடைத்துவைத்தது. அங்கிருந்த வறண்ட காற்றில் மூச்சுத்திணறல் தணிந்தது. எடை தூக்கவும் அங்கேதான் பழகினார். தன்னை அடைத்துவைத்த அதே நாட்டுக்காக 1952 ஹெல்சிங்கியிலும் 1956 மெல்போர்னிலும் ஒலிம்பிக் தங்கம், 1960 ரோமில் வெள்ளி வென்றார். மூன்றும் வெவ்வேறு எடைப்பிரிவுகளில்! பிரிவு மாறினாலே பலர் தடுமாறும் விளையாட்டு இது. இவரோ நான்கு பிரிவுகளில் உலக சாதனை படைத்தார்.

பிறகு 1968இல் மெக்சிகோ, 1972இல் மேற்கு ஜெர்மனி, 1976இல் அமெரிக்கா என மூன்று நாடுகளின் ஒலிம்பிக் அணிகளுக்குப் பயிற்சியளித்தார். பதக்கங்களைவிட இதுவே அரிது என்பேன். பளுதூக்குவோர் இன்று முழங்காலில் மாட்டும் ரப்பர் உறை பரவியதிலும் அவருக்குப் பங்குண்டு.