தண்ணீரும் கம்புத் தானியமும் வைத்தும் காக்காயும் புறாவும்தான் வருகின்றன. புறநகர் வீட்டுக் கொல்லைக்கு மற்ற பறவைகள் வர என்ன செய்யலாம்?

கேள்வியைப் பார்த்தால் தாம்பரம், சேலையூர் பக்கம் இரண்டு மூன்று சென்ட் கொல்லை, ஒரு மாமரமோ முருங்கையோ, மீதி சிமெண்டுத் தரை என்று தோன்றுகிறது. அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மாடி வீட்டுப் பால்கனி என்றால் இதில் பாதி பொருந்தாது.

முதல் வேலை, கம்பு போடுவதை நிறுத்துங்கள். உங்களுக்குக் கோபம் வரலாம், ஆனால் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. கொல்லைக்கு வரக்கூடிய தேன்சிட்டு, தையல்சிட்டு, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, கரிச்சான், குண்டுகரிச்சான், செண்பகம், வால்காக்கை, குக்குறுவான், மரங்கொத்தி எதுவும் தானியத்துக்காக வருவதில்லை. இவற்றுக்குப் பூச்சி, பழம், தேன், பல்லி, நத்தைதான் சாப்பாடு. தானியம் தின்பவை புறா, சிட்டுக்குருவி, கிளி, முனியா. இதில் புறா மட்டும் கூட்டமாக வந்து உட்கார்ந்துகொண்டு சின்னப் பறவையை அண்டவே விடாது. தீனியை நிறுத்தி இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் புறாக்கள் வேறு மாடி தேடிப் போய்விடும். அதன் எச்சத் தூசியை நாள்கணக்கில் சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வரும், ஆஸ்துமா உள்ள வீட்டில் இன்னும் கவனம் தேவை.

"சோறு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், அதையும் விடச் சொல்கிறாயா" என்று கேட்பவர்களுக்கு: விடச் சொல்லவில்லை. ஒரு பிடி, அதே நேரத்தில், வீட்டின் முன்பக்கம் அல்லது மொட்டைமாடிச் சுவர்மேல் வையுங்கள். கொல்லையில் வேண்டாம். மிச்சச் சோறு கொல்லையில் கொட்டும் இடத்தில் காக்காய் நாள் முழுக்கக் காவல் நிற்கும். அங்கே சின்னக் குருவி கூடு கட்டினால் முட்டையும் குஞ்சும் அதன் வாய்க்குத்தான் போகும்.

சிட்டுக்குருவிக்கு மட்டும் தீனி வைக்க வேண்டுமென்றால் தட்டை ஒன்றரை இன்ச் கண்ணுள்ள கம்பி வலைக்குள் வையுங்கள். வலைக்கும் தட்டுக்கும் நடுவே நான்கு பக்கமும் அரை அடி இடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் காக்காய் அலகை நீட்டி எடுத்துவிடும். குருவி நுழையும், புறா நுழையாது. அணில் நுழையும், போகட்டும். நொய்யும் தினையும் கலந்து ஒரு நாளைக்கு இரண்டு கைப்பிடி போதும். மழைக்காலத்தில் நனைந்த தானியத்தில் பூஞ்சை பிடிக்கும், அன்றன்றே கொட்டிவிடுங்கள். இன்னொன்று, பெரிய குருவிதான் தானியம் தின்னும். குஞ்சுக்கு அது ஊட்டுவது புழுவும் பூச்சியும். செடியே இல்லாத தெருவில் தானியத்தை மட்டும் கொட்டிக் குருவியை வளர்க்க முடியாது. செல்போன் கோபுரத்தால்தான் குருவி போயிற்று என்று கீழே கருத்து எழுத வருவீர்கள், தெரியும். அதற்கு உறுதியான நிரூபணம் இல்லை. ஓட்டுக்கூரை இடுக்கும் மளிகைக் கடை வாசலில் சிந்திய தானியமும் புதரும் போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அடுத்தது தண்ணீர். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு, 14 முதல் 16 இன்ச் அகலம், போதும். ஆழம் நடுவில் ஒன்றரை இன்ச்சுக்கு மேல் போகக் கூடாது. பிளாஸ்டிக் பேசினில் ஓரம் வழுக்கும், சின்னப் பறவை கால் ஊன்றாது. இருப்பது அதுதான் என்றால் உள்ளே ஜல்லியும் ஒரு தட்டைக் கல்லும் போடுங்கள். பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை நிழல் விழும் இடமாகப் பாருங்கள். சித்திரை வெயிலில் திறந்த தட்டுத் தண்ணீர் கொதித்துப் போகும். பூனை நடமாடும் தெருவில் தட்டைத் தரையில் வைக்காதீர்கள், மூன்றடி உயர மேடை வேண்டும். புதரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி இருக்கட்டும். ஒட்டி இருந்தால் பூனை பதுங்கிப் பாயும், ரொம்பத் தள்ளி இருந்தால் வல்லூறு வரும்போது பறவைக்கு ஒதுங்க இடமில்லை.

கொசு வரும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் கொட்டினால் அதற்கு வாய்ப்பே கிடையாது. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு கொசு தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே சுவரில் முட்டை ஒட்டும், அது காய்ந்தும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால் தேங்காய் நாரால் விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு, பினாயில், கொசு மருந்து எதுவும் சேர்க்கக் கூடாது.

தட்டு வைத்தும் வரவில்லை என்றால் சொட்டு வையுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் அடியில் குண்டூசியால் ஒரே துளை போட்டு, தட்டுக்கு மேலே மூன்றடி உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மூடியை இறுக்கினால் சொட்டு நிற்கும், தளர்த்தினால் விழும். நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 180 மில்லி, பாட்டில் ஐந்தரை மணி நேரம் வரும். போர் தண்ணீரின் உப்பு துளையை வாரத்துக்கு ஒருமுறை அடைக்கும், அதே ஊசியால் குத்திவிட வேண்டும். சலனமில்லாத தட்டைக் கண்டுகொள்ளாத தையல்சிட்டும் தேன்சிட்டும் இந்தச் சொட்டுச் சத்தத்துக்கும் மினுக்கத்துக்கும் இறங்கும்.

செடிக்கு வருகிறேன். நர்சரியில் தோட்டத்துக்கு அழகு என்று கொடுக்கும் குரோட்டன்ஸ், பனை வகைகள் பறவைக்குப் பெரிதாக உதவாது. சின்னக் கொல்லைக்கு நான் சொல்வது முருங்கை, கறிவேப்பிலை, வெட்சி, ஒற்றைச் செம்பருத்தி. அடுக்குச் செம்பருத்தி வேண்டாம், இதழ்க் கூட்டத்துக்குள் தேனை எட்டுவது சிட்டுக்குப் பெரும்பாடு. ஒற்றைச் செம்பருத்தியில் தேன்சிட்டு செய்வதை ஜன்னலுக்குப் பின்னால் நின்று கவனியுங்கள். பூவின் வாய் வழியாக அது போவதே அரிது. காம்பில் தொற்றிக்கொண்டு, அடிப்பகுதியில் அலகால் ஒரு துளை போட்டு, அங்கிருந்தே உறிஞ்சிவிட்டுப் போகும். மகரந்தம் ஒரு துளிகூட அதன் மேல் படாது. பழைய பூக்களின் அடியைப் புரட்டினால் பழுப்பேறிய கீறல் தெரியும்.

கறிவேப்பிலையைக் கிள்ளிக் கிள்ளிக் குட்டையாகவே வைத்திருப்பார்கள். ஒரு கிளையையாவது ஓடவிட்டுப் பூக்க விடுங்கள். கறுத்துப் பழுத்த கொத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் தவறாமல் வரும். பப்பாளி இருந்தால் உச்சியில் ஒரு பழத்தைப் பறிக்காமல் விடுங்கள். இடம் இருந்தால் சர்க்கரைப்பழ மரம் (சிலர் தேன்பழம் என்பார்கள்) ஒன்று. இரண்டு வருடத்தில் காய்க்கும், ஏறக்குறைய வருடம் முழுக்கப் பழம் இருக்கும், குக்குறுவானும் பூங்கொத்தியும் அதைவிட்டுப் போகாது. அது அமெரிக்க வெப்பமண்டல மரம், நம் மண்ணுடையது அல்ல, அதனால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். கிளை பலம் இல்லாதது, புயலில் ஒடியும். இரவில் வௌவால் வந்து சுவரைக் கறையாக்கும். சுவரிலிருந்து பத்தடி தள்ளி நடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, ஒரு காசும் செலவில்லாதது: ஆறடிக்கு ஆறடி மூலை ஒன்றைப் பெருக்காமல் விடுவது. மாஞ்சருகும் முருங்கைச் சருகும் மூன்று நான்கு இன்ச் தடிமனாகக் கிடக்கட்டும், வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்து அடியில் ஈரம் வைத்திருங்கள். ஒரு மழைக்காலம் போனால் அடியில் மண்புழு, மரவட்டை, கரையான், குட்டி நத்தை எல்லாம் வந்துவிடும். அப்புறம் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஏழெட்டாக இறங்கி, அலகால் இலையைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் புரட்டுவதைப் பார்க்கலாம். ஒன்று மட்டும் மேலே கிளையில் நின்று காவல் பார்க்கும். வீட்டு வாசற்படியை ஒட்டிச் சருகு போடாதீர்கள், பூரானும் தேளும் ஒதுங்கும். மூலையில் கையை விடும்போது செருப்பும் குச்சியும் வேண்டும், பாம்பு பயம் வீண் பயம் அல்ல.

இந்தச் சருகைத்தான் "குப்பை" என்று தெருவே சண்டைக்கு வரும். வீடு கட்டியதும் மதில்முதல் மதில்வரை டைல்ஸ் ஒட்டி, மழைத்தண்ணீரை ரோட்டில் விட்டு, அந்த ரோட்டிலேயே முட்டியளவு தேங்கும்போது அரசைத் திட்டுபவர்கள்தான் அடுத்த வீட்டு மாமரம் சருகு கொட்டுகிறது என்று புகார் கொடுக்கிறார்கள். பறவைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்பீர்கள். ஒரு கொல்லை மண்ணாக இருப்பதற்கும் அங்கே பறவை வருவதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். எலிக்கு வைக்கும் பசை அட்டையும் பறவைக்குக் கேடுதான். திறந்த கொல்லையில் அதில் ஒட்டுவது எலியைவிட ஓணானும் குண்டுகரிச்சானும்தான். ஒட்டிய பறவையைப் பிய்த்து எடுத்தால் இறகு மொத்தமும் போய்விடும். எலிக்குக் கூண்டு வையுங்கள்.

கடையில் வாங்கும் பானைக் கூடுகளில் ஓட்டை பெரிது, அதில் மைனா குடியேறும். சிட்டுக்குருவிக்கு ஓட்டை 32 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். பெட்டி உள்ளே 15 செ.மீ. சதுரம், 20 செ.மீ. உயரம், அடியில் நீர் வடிய நான்கு துளை. ஓட்டைக்கு முன்னால் குச்சி வேண்டாம், அது காக்காய்க்கு நாற்காலி. எட்டடிக்கு மேலே, சன்ஷேடு அடியில், மேற்கு வெயில் படாமல் மாட்டுங்கள். பக்கத்தில் குருவியே இல்லாத தெருவில் பெட்டி காலியாகவே தொங்கும், அது உங்கள் தவறல்ல.

தையல்சிட்டுக்கோ பெட்டி தேவையில்லை, அகல இலை போதும். இலையின் இரண்டு ஓரத்திலும் அலகால் ஊசித்துளை போட்டு, சிலந்தி நூலையோ பஞ்சையோ உள்ளே இழுத்துக் கோக்கும். நூலின் நுனி வெளியே பிரிந்து உப்பி நிற்பதால் உருவி வராது. செடிக்குள் பச்சையாகவே இருப்பதால் கத்தரிக்கோல் போட்டபிறகுதான் பலருக்கும் கூடு இருந்ததே தெரியும். மாசியிலிருந்து ஆவணி வரை புதரை வெட்டுமுன் உள்ளே ஒருமுறை கிளையை விலக்கிப் பாருங்கள். துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு தொங்கவிட்டால் கொடியை அவிழ்க்காதீர்கள், வேறு கொடி கட்டுங்கள். முட்டையிட்டு இரண்டு வாரம், பொரித்து ஏறக்குறைய இன்னொரு இரண்டு வாரம், அவ்வளவுதான்.

பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.). அதைவிட முக்கியம், எவ்வளவு அருகில் குவியும் என்று கேளுங்கள். ஐந்து மீட்டருக்கு மேல்தான் குவியும் என்றால் கொல்லைக்கு உதவாது, இரண்டு மீட்டரில் குவிய வேண்டும். பார்க்க நல்ல நேரம் காலை ஆறு முதல் எட்டு, மாலை நாலரை முதல் ஆறு. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓரடி உள்ளே நில்லுங்கள், உங்களைப் பறவை பார்க்காது. பெரிய கண்ணாடி ஜன்னல் என்றால் பறவை வந்து மோதாமலிருக்க வெளிப்பக்கம் இரண்டு இன்ச்சுக்கு ஒரு பட்டை ஒட்டுங்கள். ஒற்றைக் கழுகு ஸ்டிக்கர் பலிக்காது.

கடைசியாக, புரட்டாசி ஐப்பசியில் சருகு மூலையில் ஒரு பறவை வரலாம்: வால் குட்டை, முதுகு பச்சை, வயிற்றடி சிவப்பு, கண்ணில் மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை. ஆறுமணிக் குருவி. வட, மத்திய இந்தியக் காடுகளிலிருந்து இரவு இரவாகப் பறந்து வருவதால் சோர்ந்து போர்டிகோவிலோ மாடிப்படியிலோ விழுந்து கிடக்கும். துளையிட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, மூடி, இருட்டில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். தெளிந்ததும் புதர் பக்கம் திறந்துவிடுங்கள், காக்காய் அடங்கிய அந்தி நேரம் நல்லது. தயவுசெய்து போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிட்டுப் படம் எடுக்காதீர்கள். இன்று இது பெரிய நோயாகப் பரவியிருக்கிறது. நூற்றுக்கணக்கான மைல் பறந்து வந்தது, எதிரி நிற்கிறான் என்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு உங்கள் ஸ்பீக்கரைச் சுற்றி ஓடும். சருகு இருந்தால் தானாகவே காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். ஏப்ரல் மே வரை அங்கேயேகூடத் தங்கும்.