மின்னணுக் கேள்வி பதில்: தாங்கி 47 என்றது, மோட்டார் 7 என்று கேட்டது

கேள்வி: எங்கள் தொடர்மாடியில் தண்ணீர்த் தாங்கி மொட்டை மாடியில், மோட்டார் தரைத்தளத்தில். கம்பி இழுக்க நிர்வாகக் குழு சம்மதிக்கவில்லை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டு எச்.சி-12 ரேடியோ மொடியூல்களும் இரண்டு ஆர்டுயினோக்களும் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகைகள்) வாங்கிப் பொருத்தினேன். தாங்கியில் 47 சதவீதம் என்றால், கீழே சில நேரம் 4, 7 என்று தனித்தனியாகவும் சில நேரம் 4746 என்றும் வருகிறது. 7 என்று வாசித்தால் மோட்டார் ஓடத் தொடங்கிவிடுகிறது. சனலை மாற்ற முயன்றபோது ஒரு மொடியூல் பதிலே சொல்லவில்லை. ரேடியோ பழுதா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: ரேடியோவைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து வாதாடாதீர்கள், அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓர் எழுத்து வந்துசேர ஒரு மில்லிவினாடிக்குச் சற்று மேல் ஆகும். உங்கள் நிரலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 4 வந்ததுமே அதை முழுச் செய்தியாக எடுத்துக்கொள்கிறது. வேறு வேலையில் தாமதித்தாலோ இரண்டு செய்திகள் ஒட்டிக்கொள்கின்றன. எச்.சி-12 எழுத்துகளைக் கடத்தும், அவ்வளவுதான். செய்தியின் தொடக்கத்தையும் முடிவையும் நீங்கள்தான் குறிக்க வேண்டும். இடையிடையே தாமதம் சேர்த்துப் பார்க்கச் சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதீர்கள்.

செய்தியை இப்படி அனுப்புங்கள்: <1,040,29>

1 உங்கள் தாங்கியின் எண். 040 நீர்மட்டம், எப்போதும் மூன்று இலக்கம். 29 சரிபார்ப்பு எண். '1,040' என்பதிலுள்ள ஐந்து குறிகளின் ஆஸ்கி எண்கள், அதாவது கணினி ஒவ்வொரு குறிக்கும் வைத்திருக்கும் எண்கள், 49, 44, 48, 52, 48. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எக்ஸார் செய்தால் (இரும இலக்கங்கள் வேறுபட்டால் 1, ஒன்றானால் 0 என்று இடும் கணக்கு) 41 வரும்; பதினாறடிமான (hex) முறையில் அது 29. தரைத்தளத்து ஆர்டுயினோவின் நிரல் '<' கண்டதும் பழையதை அழித்துச் சேகரிக்கத் தொடங்கட்டும். '>' வந்த பிறகே கணக்கைச் சரிபார்க்கட்டும். பொருந்தாவிட்டால் அந்தச் செய்தியை வீசிவிடுங்கள், ஊகித்துத் திருத்த வேண்டாம். அடுத்த மாடிக்காரரும் இதே மொடியூலை வாங்கினால் தாங்கி எண்ணின் அருமை புரியும்.

இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியம்: அரை நிமிடம் நல்ல செய்தி வராவிட்டால் மோட்டார் தானாக நிற்க வேண்டும்.

பதில் சொல்லாத மொடியூலின் வேகத்தை யாரோ மாற்றியிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, மொடியூலின் செட் (SET) முனையை மின்சுற்றின் தரை (GND) முனையோடு இணைத்துவிட்டு மீண்டும் மின்சாரம் கொடுங்கள். அப்போது அது 9600 வேகத்தில்தான் பேசும். 'ஏடி+ஆர்எக்ஸ்' (AT+RX) என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அனுப்பினால் எல்லா அமைப்புகளும் தெரியும். இரண்டு மொடியூல்களிலும் சனல், வேகம், இயங்குமுறை மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். முதல் சனல் 433.4 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு சனலுக்கும் 0.4 கூடி, நூறாவது 473 வரை போய்விடும். சும்மா இருக்கிறது என்று மேலே ஏறாதீர்கள், அங்கே வேறு சேவைகள் இருக்கும். முதல் நான்குக்குள் நில்லுங்கள். அனுமதி பற்றிய சந்தேகத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமே கேளுங்கள்.

கேள்வி: எச்.சி-12 மொடியூலின் சுருள் அன்டெனாவுக்குப் பதிலாகக் கம்பி போடலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தாராளமாக. 17.3 சென்ரிமீற்றர் நேர்க்கம்பி போதும், அது கால் அலைநீளம். இரண்டு முனையிலும் செங்குத்தாக நிறுத்துங்கள். இரும்புத் தாங்கியோடு ஒட்டி வைக்காதீர்கள்.