ஒரே பி.எட். வகுப்பு, இரண்டு மனநிலை

அன்புள்ள ஐயா,

பக்கத்து வீட்டுப் பெண் பி.எட். ஆசிரியர் பயிற்சியைப் புகழ்கிறாள். அதே வகுப்பில் படிக்கும் உங்கள் மகளோ நின்றுவிடட்டுமா என்று அழுகிறாள். யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இருவரையும் நம்புங்கள்.

அந்தப் பெண்ணின் தாய் ஆசிரியை. பாடக்குறிப்பு எழுதுவதையும் விடைத்தாள் திருத்துவதையும் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள். படித்ததும் தமிழ் இலக்கியம். பக்கம் பக்கமாக எழுதுவது அவளுக்குப் பழக்கம். உங்கள் மகள் இயற்பியல் படித்தவள், உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. கணக்குப் போட்டு விடை கண்டவளுக்குக் கல்வி உளவியலும் தத்துவமும் புது நிலம். தினமும் இரண்டு பஸ் மாறி வீடு வந்து, இரவில் ரெக்கார்டு என்னும் பயிற்சிப் பதிவேட்டை எழுத உட்கார வேண்டும். அவள் களைத்திருக்கிறாள். ஆசிரியப் பணிக்கு லாயக்கில்லாதவள் என்று அதற்குப் பொருள் இல்லை.

முதலாண்டில் நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பெயரில் சக மாணவிகளையே குழந்தைகளாக எண்ணிச் சில நிமிடங்கள் பாடம் நடத்தச் சொல்வார்கள். அது நாடகம் போலத் தோன்றுவது இயல்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகளின்படி இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சி உண்டு. உண்மையான பிள்ளைகள் முன் நிற்பதற்குள் முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் குறை கல்லூரியிடமும் இருக்கலாம். அவள் பாடம் நடத்தும்போது யாராவது பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார்களா? முடிந்ததும் எது சரி, எது தவறு என்று பேசுகிறார்களா? ஆசிரியர் வராத வகுப்புகளுக்கு ஆள் நிரப்ப மட்டும் பயிற்சி மாணவிகளை அனுப்பினால் அது பயிற்சியே அல்ல. துறைத் தலைவரைச் சந்தித்துத் தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் அவளிடமே கேட்டுவிடுங்கள்: எந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசை? ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சின்னஞ்சிறு குழந்தைகள்தான் விருப்பம் என்றால் அவளுக்கான படிப்பு தொடக்கக் கல்விப் பட்டயம். ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் இப்போதிருக்கும் இடமே சரியான இடம். அதற்கான ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளுக்கு இப்போதே மெல்லப் படிக்கத் தொடங்கலாம்.

பதில் தெரிந்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை நேரில் வாருங்கள். இந்த வாரம் மட்டும், ரெக்கார்டு முடிந்ததா என்று கேட்காமல் இருங்கள்.