வராத செய்தியும் வெற்றிடமும்

கேள்வி: என் மகள் இரண்டு வருடமாக ஒரு நாளிதழில் நிருபர். அரசுத் துறை ஒன்றின் டெண்டரில் நடந்த முறைகேட்டை ஆவணங்களோடு எழுதிக் கொடுத்தாள். ‘அரசு விளம்பரம் நின்றுபோனால் சம்பளம் யார் தருவது?’ என்று கேட்டு ஆசிரியர் செய்தியை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து அழுகிறாள். வேலையை விட்டுவிடச் சொல்லலாமா?

– ஒரு தகப்பன்

பதில்:

அன்புள்ள ஐயா,

இப்போதே விடச் சொல்லாதீர்கள். செய்தி வரவில்லையே என்று அழுகிறவளுக்கு அந்த வேலை இன்னும் மனதில் இருக்கிறது. எது வரும், எது வராது என்று தானே கணக்குப் போட்டு, எழுதாமலே விட்டுவிடும் நாள் வந்தால்தான் நான் பயப்படுவேன்.

ஆசிரியரைக் கோழை என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. நாளிதழ் விற்கிற விலையில் அதை அச்சடிக்கிற செலவே தேறாது. மிச்சத்தை விளம்பரம்தான் கட்டுகிறது. சிறிய பத்திரிகைகள் பலவற்றுக்கு அதில் அரசின் பங்கு பெரிது. மிரட்டல் கடிதம் எதுவும் வராது. அடுத்த விளம்பரம் வராது, பழைய பில் நகராது, அவ்வளவுதான்.

அரசு நேரடியாகக் கை வைத்த காலமும் உண்டு. காகித ஒதுக்கீட்டைக் காட்டி நாளிதழ்களைப் பத்துப் பக்கத்துக்குள் அடக்கப் பார்த்த கொள்கையை உச்ச நீதிமன்றம் 1972இல் ரத்து செய்தது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தபோது டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த சாலைக்கு மின்சாரமே துண்டிக்கப்பட்டது. மூன்றாம் நாள் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கத்தின் இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. ஏதோ தடுக்கப்பட்டிருக்கிறது என்று வாசகருக்குப் புரிந்தது. உங்கள் மகளின் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் மறுநாள் வேறொரு செய்தி வந்திருக்கும். இழந்தது இன்னதென்று எந்த வாசகருக்கும் தெரியாது. செய்தியை வெட்டும் தணிக்கை அதிகாரியை விட இந்த மௌனம் கொடியது என்பேன்.

அவள் செய்யக்கூடியது இருக்கிறது. எந்த வரி பலவீனம் என்று ஆசிரியரிடமே கேட்கட்டும். துறையின் விளக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். துறையே முத்திரை குத்திக் கொடுத்த தாள் கையில் இருந்தால் ஆசிரியருக்கும் முதலாளியிடம் பேச வாய் வரும். சட்டமன்றத்தில் வைக்கப்படும் அரசுக் கணக்குத் தணிக்கை அறிக்கைகளையும் விடாமல் படிக்கட்டும். அதே டெண்டர் அதில் தலைகாட்டினால் செய்தியை நிறுத்தக் காரணம் சொல்வது கடினம். இத்தனைக்குப் பிறகும், இரண்டாவது மூன்றாவது செய்தியும் இப்படியே நின்றால், வேறு பத்திரிகை தேடட்டும். அப்போது தடுக்காதீர்கள்.

ஆவணப் பிரதிகளை வைக்க வீட்டில் அவளுக்கென்று பூட்டுள்ள ஓர் இழுப்பறை கொடுங்கள். அவற்றைத் தந்தவர் யார் என்று மட்டும், தகப்பனாக இருந்தாலும், கேட்காதீர்கள்.