தொழில் கேள்வி பதில்: திரும்பி வரும் மாவு பாக்கெட்

கேள்வி: இட்லி மாவு அரைத்து, ஒரு கிலோ பாக்கெட்டாக 30 கடைகளுக்குப் போடுகிறேன். எட்டு மாதம் ஆகிறது. விற்காததைக் கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவதால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. 'மனசைத் தளரவிடாதே, ஒரு வருஷம் ஓட்டு' என்கிறார்கள் வீட்டில். மன உறுதி இருந்தால் போதுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: தொழிலில் மனசுக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த மாதிரி மனசு என்பதில்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில், 1,500 சிறுதொழில் நடத்துவோரை மூன்று பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு பிரிவுக்குக் கணக்கு, விற்பனை என்று வழக்கமான பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு, பிரச்சினை வருமுன்பே யோசிப்பது, தானாக முன்வந்து செய்வது, ஒரு வழி அடைத்தால் வேறு வழி தேடுவது என்று மனப்பழக்கத்துக்கான பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. அவர்களைவிட, மனப்பழக்கப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சியில் தெரிந்தது 11 சதவீதம். தற்செயலாகக்கூட இருக்கலாம் என்ற அளவுதான்.

வெறுமனே ஓட்டிக்கொண்டிருப்பது இதில் சேராது. முதலில் கணக்கு. பாக்கெட் அடக்க விலை 30 ரூபாய், கடைக்குக் கொடுப்பது 42 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 பாக்கெட்டில் 10 திரும்பினால் 780 ரூபாய் மிஞ்சும். 20 திரும்பினால் 360 ரூபாய். 29 திரும்பினால் 18 ரூபாய் கைநஷ்டம்; பெட்ரோல் தனி.

இனி 14 நாளைக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். திரும்பும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கடை, போட்ட தேதி, காரணம் மூன்றையும் எழுதுங்கள். உப்பின பாக்கெட் சில கடைகளிலிருந்து மட்டும் வந்தால், ராத்திரி பூட்டும்போது அங்கே ஃபிரிட்ஜை அணைக்கிறார்களா என்று பாருங்கள். குளிர் போனதும் மாவு மறுபடி பொங்கி, கவர் பலூன் மாதிரி ஆகிவிடும். எல்லாக் கடையிலிருந்தும் உப்பி வந்தால் கோளாறு உங்கள் பக்கம்: அரைத்த சூட்டோடு கவரில் அடைத்திருப்பீர்கள், அல்லது வண்டியில் வெயில் பட்டிருக்கும். தேதி முடிந்து திரும்பினால், அந்தக் கடைக்குத் தேவைக்கு மேல் போடுகிறீர்கள்.

நோட்டைத் தொடங்குமுன் முதல் பக்கத்தில் இப்படி எழுதிவிடுங்கள்: '100-க்கு 15-க்கு மேல் திரும்பும் கடைக்குச் சரக்கைப் பாதியாக்குவேன். அடுத்த 14 நாளிலும் குறையாவிட்டால் அந்தக் கடையை விடுவேன்.' பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், 'தெரிந்தவராயிற்றே' என்று மனசு சாக்குத் தேடும்.

கேள்வி: அடுக்ககவாசிகளுக்கு மாதச் சந்தாவில் மதியச் சாப்பாடு தரத் திட்டம். 40 பேரைக் கேட்டோம். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். கடன் வாங்கிச் சமையற்கூடம் எடுக்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: இப்போது வேண்டாம். முகத்துக்கு நேரே கேட்டால் யாரும் மட்டம் தட்டமாட்டார்கள். இத்தாலியில் 116 புதிய நிறுவனங்களை வைத்து நடந்த ஆய்வில், தம் யோசனையை வெறும் ஊகமாக நினைத்துச் சோதித்துப் பார்க்கப் பழகியவர்களுக்கு வருமானம் கூடியது. அவர்கள் அதிகம் பேர் யோசனையை மாற்றிக்கொண்டார்கள்; அதனால் தொழிலை விட்டுப் போனவர்கள் கூடவில்லை.

அந்த 40 பேரிடமே திரும்பப் போங்கள். பத்து நாள் சாப்பாட்டுக்கு முன்பணம் கேளுங்கள். எட்டுப் பேராவது கொடுத்தால்தான் அடுத்த அடி என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கொடுத்தால், உணவுப் பாதுகாப்புப் பதிவை முடித்துக்கொண்டு வீட்டு அடுப்பிலேயே பத்து நாள் சமைத்துக் கொடுங்கள். பதினோராம் நாள் எத்தனை பேர் மறுபடி பணம் கட்டுகிறார்கள் என்று பாருங்கள். கொடுக்காதவர்களிடம், நேற்று மதியம் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். நான்கைந்து பேர் ஒரே தடையைச் சொன்னால், விலையோ நேரமோ, அதை மாற்றிவிட்டு வேறு 40 கதவைத் தட்டுங்கள். கடன் மனுவை அதற்கப்புறம் எழுதலாம்.