அல்வாவில் இருக்கிறது, லேபிளில் இல்லை

கேள்வி: திருநெல்வேலி பேட்டையில் வீட்டிலேயே அல்வா கிண்டி, பாக்கெட் போட்டு, பஸ் ஸ்டாண்டு கடைகளுக்குக் கொடுக்கிறோம். சில நாளிலேயே தண்ணீர் விடுகிறது என்று கடைக்காரர்கள் திருப்பிவிட்டார்கள். மொத்தக்கடை அண்ணாச்சி ஒரு வெள்ளைப் பவுடர் கொடுத்து, "இதுவும் மக்காச்சோள மாவுதாம்வே, தைரியமா போடும்" என்றார். சாக்கில் 'மாடிஃபைட் ஸ்டார்ச், ஐ.என்.எஸ் 1422' என்று இருந்தது. எங்கள் லேபிளில் பழையபடி கோதுமை, சீனி, நெய் மட்டும்தான். மேலே 'சுத்தமான கோதுமைப்பால் அல்வா'. உணவு பாதுகாப்பு அலுவலர் மாதிரி எடுத்தார், சாக்கையும் படம் பிடித்தார். இப்போது 'தப்புக்குறியீடு' என்று அறிக்கை வந்திருக்கிறது. ஜெயிலா? "அயோடின் விட்டா கோதுமையும் நீலமாத்தான் ஆகும், கேஸ் நிக்காது" என்கிறான் என் மைத்துனன்.

பதில்: ஜெயில் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இல் சிறை என்பது முக்கியமாகப் பாதுகாப்பற்ற உணவுக்கு, பிரிவு 59-இல். உங்களுக்கு வந்திருப்பது தப்புக்குறியீடு, அதாவது லேபிள் உண்மையைச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டு. பிரிவு 52-இன்படி அபராதம் மட்டும், உச்சவரம்பு 3 லட்சம் ரூபாய். கிரிமினல் கோர்ட்டுக்கும் போக வேண்டியதில்லை. பிரிவு 68-இன் கீழ் மாவட்ட வருவாய் அலுவலர்தான் தீர்ப்பு அலுவலராக விசாரிப்பார்.

அண்ணாச்சி சொன்னது பாதி உண்மை. மக்காச்சோள மாவு ஒரு உட்பொருள், 'ஸ்டார்ச்' என்று எழுதினால் போதும். 1422 அப்படி அல்ல. ஸ்டார்ச்சை ரசாயன முறையில் மாற்றி, சூட்டிலும் ஆறியபிறகும் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும்படி செய்தது அது. சட்டத்தின் கண்ணில் அது உணவுச் சேர்க்கைப் பொருள். லேபிளில் 'கெட்டிப்படுத்தி' என்று அதன் வேலையையும், கூடவே பெயரையோ ஐ.என்.எஸ் எண்ணையோ (சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண்) போட்டே ஆக வேண்டும். ஐஸ்கிரீம் முதல் சாஸ் வரை உலகம் முழுக்கப் புழங்கும் பொருள்தான், விஷம் ஒன்றும் இல்லை. நீங்கள் அதைப் போட்டதை அறிக்கை குறை சொல்லவில்லை, சொல்லாமல் போட்டதைத்தான் சொல்கிறது.

மைத்துனர் கெட்டிக்காரர். கோதுமைப்பாலே ஸ்டார்ச்தான், ஸ்டார்ச்சைக் காட்டும் அயோடின் எல்லா கோதுமை அல்வாவையும் நீலமாக்கும். மைக்ரோஸ்கோப்பில் கோதுமை ஸ்டார்ச்சின் நுண்மணியையும் சோள ஸ்டார்ச்சின் நுண்மணியையும் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் மணிக்கணக்கில் கிண்டிய அல்வாவில் அந்த மணிகள் உடைந்து குழைந்துவிடும். ஆகவே அறிக்கை அயோடினை மட்டும் நம்பியிருந்தால் அதில் ஓட்டை இருக்கிறது. எந்தச் சோதனை முறையில் கண்டார்கள் என்று வாசித்துப் பாருங்கள். ஆனால் சாக்கின் படம் கோப்பில் இருக்கிறதே! வாங்கிய பில்லும் அண்ணாச்சி கடையில் இருக்கும். "நான் போடவேயில்லை" என்று எழுதிக் கொடுத்து, அடுத்த விசாரணையில் அவர்கள் அந்தப் பில்லைக் காட்டினால் என்ன சொல்வீர்கள்? அந்த வழிக்கு நான் துணை நிற்கமாட்டேன்.

அறிக்கையே தவறு என்று உண்மையிலேயே நினைத்தால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் மாவட்ட உணவு பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் பிரிவு 46(4)-இன்படி மேல்முறையீடு செய்யலாம். தபால் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேதி அதில்தான் இருக்கிறது. மனு கொடுத்தவுடன் மைசூருவில் இருப்பது போன்ற, மறு சோதனை செய்யும் பரிந்துரை ஆய்வகத்துக்குத் தானாகப் போய்விடாது. அலுவலர் தேவை என்று கருதினால்தான் அனுப்புவார். அதனால் காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும். மாதிரியை நாலு பங்காகப் பிரித்தபோதே ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருந்தது. நம்மூரில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

உங்கள் விஷயத்தில் என் யோசனை வேறு. பவுடர் போட்டதை ஒப்புக்கொள்ளுங்கள். குறை லேபிளில்தான், திருத்திவிட்டோம் என்று சொல்லுங்கள். பிரிவு 49, அபராதத்தைத் தீர்மானிக்கும்போது எவ்வளவு லாபம் கிடைத்தது, யாருக்காவது பாதிப்பு உண்டா, திரும்பத் திரும்ப நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று பார்க்கச் சொல்கிறது. நாலும் உங்களுக்குச் சாதகமாக வாதிடக்கூடியவை. உத்தரவு கடுமையாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது.

அண்ணாச்சி மேல் பழியைத் தள்ள முடியாது. அவர் வாயால் என்ன சொன்னாலும் சாக்கில் எண் சரியாகத்தான் இருந்தது.

புது லேபிளில் உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுங்கள். ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ விவரம் கட்டாயம், தமிழைக் கூடவே போடலாம். கோதுமை ஒவ்வாமைப் பொருள் என்பதையும் தனியாகக் குறிப்பிட வேண்டும். 'சுத்தமான' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அதற்கு 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளில் தனி நிபந்தனை இருக்கிறது, கெட்டிப்படுத்தி போட்ட அல்வாவுக்கு அது ஒத்துவராது. விசாரணைக்குப் போகும்போது புது லேபிளும், பழைய பாக்கெட்டுகளைத் திருப்பி எடுத்ததற்குக் கடைக்காரர்கள் போட்ட கையெழுத்தும் கையில் இருக்கட்டும்.