ஒரு சிறு சமூகத்தின் பத்திரிகைப் புகைப்படக்காரர் மறைந்தபின் அவர் படங்களுக்கு என்ன மதிப்பு?

எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் 'டீனி' ஹாரிஸ் (1908–1998). பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களை, 'பிட்ஸ்பர்க் கூரியர்' என்ற கறுப்பினத்தவர் வார இதழுக்காக நாற்பது ஆண்டுகள்போலப் படமெடுத்தவர். பெரும்பாலும் ஒரே கிளிக்தான். நகர மேயரே அவருக்கு 'ஒன் ஷாட்' என்று பெயர் வைத்துவிட்டார்!

முகமது அலி, லீனா ஹோர்ன் போன்ற பிரபலங்களும் அவர் படங்களில் உண்டு. ஆனால் பொக்கிஷம் அதுவல்ல என்பேன். கல்யாணம், பேஸ்பால், முடிதிருத்தும் கடை, தெருமுனை அரட்டை: வெள்ளையர் நாளிதழ்கள் சீண்டாத சாதாரண வாழ்க்கைதான் அது. 1950களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் ஹில் பகுதியின் கீழ்ப்பாதியை இடித்துத் தள்ளினார்கள். 8,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். அந்தத் தெருக்களைப் பார்க்க வேண்டுமா? இன்று இந்தப் படங்களிடம்தான் போக வேண்டும்.

சரி, படங்கள் எங்கே? 2001இல் கார்னெகி கலை அருங்காட்சியகம் வாங்கியது. ஏறக்குறைய 80,000 நெகட்டிவ்கள். பலவற்றில் பெயரோ தேதியோ கிடையாது. அதனால் அருங்காட்சியகத்தார் அந்தப் பகுதிப் பெரியவர்களையே அழைத்து, "இது யார், எந்த இடம்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.